எழுத்து போடும் நேரம்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எங்கள் தெருக் கேபிளில் ஒரு சேனலுக்கு இரண்டு பெயர். பகலில் அது கார்ட்டூன் நெட்வொர்க். டாமும் ஜெர்ரியும் ஓடி ஓய்ந்து, இருட்டி நேரமானதும், அதே எண்ணில் டி.என்.டி. என்ற பெயரோடு பழைய ஹாலிவுட் படங்கள் வரத் தொடங்கும். பிள்ளைகள் இருந்த வீடுகளில் அந்த நேரத்துக்கு ஓர் அழுகை கேட்கும். பெரியவர்கள் ரிமோட்டை வாங்கிக்கொள்வார்கள். அவர்களும் அங்கே நிற்கமாட்டார்கள். கறுப்பு வெள்ளை, இங்கிலீஷ், அதிலும் கோட்டு சூட்டுப் போட்டவர்கள் நின்ற இடத்தில் நின்றபடி படபடவென்று பேசுகிற இங்கிலீஷ். மதுரையில் எங்கள் தெருவில் அதைப் பார்த்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

அப்போது ஒரு வார இதழில் சின்னத்திரை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் அரைப் பக்கம். எந்தத் தொடரில் யார் அழுதார், யார் அழுதது நம்பும்படி இருந்தது, எந்த மாமியாருக்குப் பொட்டு பெரிது என்கிற அளவில்தான் அந்த அரைப் பக்கத்துக்கு மரியாதை. 1993இல் சன் டி.வி. வந்துவிட்டிருந்தது. தூர்தர்ஷனின் பதின்மூன்று வாரக் கதைகள் போய், முடிவு எப்போது என்று எழுதுகிறவருக்கே தெரியாத கதைகள் பெருகிக்கொண்டிருந்தன. மாலையில் பார்ப்பது பிழைப்புக்கு, இரவில் பார்ப்பது ஆசைக்கு என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருந்தேன்.

அமெரிக்கப் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். அடியில் வசன வரியும் ஓடாது. அதனால் பேச்சு தொடங்குவதற்கு முன்னால் போடுகிற எழுத்தை ஒன்று விடாமல் படிப்பேன். அந்தக் காலப் படங்களில் எல்லாப் பெயர்களும் தொடக்கத்திலேயே வந்துவிடும். நாலைந்து அட்டைகளில் முடிந்தும் விடும். எம்.ஜி.எம். படமென்றால் சிங்கம் உறுமி முடித்த பின் வரும் அட்டைகளில் ஒரு பெயர் தவறாமல் இருந்தது. கலை இயக்கம்: செட்ரிக் கிப்பன்ஸ். ஒலிப்பதிவு டக்ளஸ் ஷியரர். இயக்குநர் மாறுவார், நடிகர் மாறுவார், இவர்கள் இருவரும் மாறமாட்டார்கள். பாரிஸ் மாளிகையும் கிப்பன்ஸ், சீனத்துக் குடிசையும் கிப்பன்ஸ், டார்ஜான் குடியிருந்த மரமும் கிப்பன்ஸ். ஒரு மனிதனால் இத்தனை செட் போட முடியுமா? முடியும் என்றால் அவர் எப்போது தூங்கினார்? விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வியாக அன்று எனக்கு அது தோன்றவில்லை. சும்மா நச்சரித்துக்கொண்டே இருந்தது.

அந்தப் படங்கள் மதுரைக்கு வந்து சேர்ந்த வழி ஒரு கடன் கதை. 1986இல் அட்லாண்டாவைச் சேர்ந்த டெட் டர்னர், கிர்க் கெர்கோரியனிடமிருந்து எம்.ஜி.எம். நிறுவனத்தைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கினார். கடன் கழுத்தை நெரித்தது. சில மாதங்களுக்குள் ஸ்டூடியோ நிலத்தையும் தயாரிப்புப் பிரிவையும் கைமாற்றிவிட்டு, பழைய படங்களை மட்டும் வைத்துக்கொண்டார். எம்.ஜி.எம். படங்களோடு, 1950க்கு முந்தைய வார்னர் பிரதர்ஸ் படங்களும் அந்தக் கட்டில் இருந்தன. இத்தனை படத்தைக் கையில் வைத்திருப்பவர் சேனல் தொடங்காமல் என்ன செய்வார்? 1988இல் அமெரிக்காவில் டி.என்.டி. தொடங்கியது. டாம் அண்ட் ஜெர்ரியும் எம்.ஜி.எம். சொத்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் பூனையும் இரவில் கிரேட்டா கார்போவும் ஒரே அலமாரியிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

ஆகவே எனக்குக் கிடைத்த ஹாலிவுட் ஒரு பக்கம் சாய்ந்தது. பாரமவுண்டின் 1929 முதல் 1949 வரையிலான படங்கள், எழுநூறு அளவில், 1958லேயே எம்.சி.ஏ. நிறுவனத்துக்கு 5 கோடி டாலருக்குப் போய்விட்டிருந்தன. நடிகை மார்லீன் டீட்ரிச்சும் இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க்கும் சேர்ந்து பாரமவுண்டுக்காகச் செய்தவற்றை நான் பல வருடங்கள் கழித்து பர்மா பஜார் வட்டுகளில்தான் பார்த்தேன். என் ரசனை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் பாதி, எந்த நெகட்டிவை யார் வாங்கினார்கள் என்கிற கணக்கு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2022இல் எம்.ஜி.எம்.மை அமேசான் வாங்கியது. சிங்கம் இப்போது அவர்களுடையது. அந்தச் சிங்கம் உறுமித் தொடங்கும் பழைய படங்களில் பெரும்பகுதி வார்னர் வசம் இருக்கிறது. உறுமல் ஓரிடம், உடம்பு ஓரிடம்.

சென்னைக்கு வந்த பின் அமெரிக்க நூலகத்தில் உறுப்பினரானேன். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி, துணைத் தூதரகக் கட்டடத்தில் இருந்தது. உள்ளே போக ஏகப்பட்ட சோதனை. உள்ளே போய்விட்டால் குளிரூட்டிய அமைதி, தடித்தடியான சினிமாப் புத்தகங்கள். தாமஸ் ஷாட்ஸ் எழுதிய 'தி ஜீனியஸ் ஆஃப் தி சிஸ்டம்' அங்கேதான் கிடைத்தது. 1988இல் வந்த புத்தகம். ஸ்டூடியோக்களின் கோப்புகளை, முதலாளிகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நடுவில் ஓடிய குறிப்புச் சீட்டுகளை வைத்து எழுதியது. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடம். 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை எடுத்தவர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடம். அசோகமித்திரன் 1952 முதல் பதினாலு வருடம் அங்கே ஊழியர். நான் நூலகத்துக்குப் போய்வந்த காலத்தில் அங்கே ஸ்டூடியோ இல்லை. 2002இல் அந்த நிலத்தில் ஓட்டல் திறந்தார்கள். எம்.ஜி.எம். இருந்த கல்வர் சிட்டியைப் பற்றிப் படித்துவிட்டு 25ஜி பஸ்ஸுக்காக அந்தப் பக்கம் நிற்கும்போது, இங்கேயும் ஒரு கதை இலாகா இருந்தது, இங்கேயும் முதலாளியின் அறைக்கு முன் ஆட்கள் காத்திருந்தார்கள் என்ற நினைப்பு வரும். அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கிப்பன்ஸ் புதிர் அந்த நூலகத்தில் அவிழ்ந்தது. 1924இல் மார்கஸ் லோ மூன்று நிறுவனங்களைச் சேர்த்து எம்.ஜி.எம்.மை உண்டாக்கியபோதே கிப்பன்ஸ் உள்ளே இருந்தார். அமெரிக்காவில் வெளியாகும் எம்.ஜி.எம். படம் ஒவ்வொன்றிலும் தன் பெயர் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டார். 1956இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 1,500 படங்களில் அது வந்தது. கோடு போட்டவர் வேறு, மரம் இழைத்தவர் வேறு. பெயர் துறைத் தலைவருக்கு. பதினோரு ஆஸ்கார் வாங்கினார். அந்த ஆஸ்கார் சிலையை வடிவமைத்தவரும் அவரேதான், ஆளைக் குறை சொல்ல முடியாது.

அதே வளாகத்தில் அவருக்கு நேர் மாறாக ஒருவர் இருந்தார், எர்விங் தால்பெர்க். எம்.ஜி.எம். படங்களின் கதை, நடிகர், வெட்டு, திரும்ப எடுப்பது என்று எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. 1936இல் முப்பத்தேழு வயதில் இறந்தார். உயிரோடு இருந்தவரை தயாரிப்பாளர் என்று ஒரு படத்திலும் தன் பெயரைப் போடவிடவில்லை. இறந்த பின் வந்த 'தி குட் எர்த்' படத்தின் தொடக்கத்தில், இது அவருடைய கடைசிச் சாதனை என்று ஓர் அட்டை வரும். டி.என்.டி.யில் நான் பார்த்த படம் அது. வெட்டுக்கிளிக் கூட்டம் வயலில் இறங்கும் காட்சிக்கு நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட் என்ற பெயரை அன்றைக்கே குறித்து வைத்தேன். அவர் பின்னால் வேறு ஓரிடத்தில் எனக்குக் கிடைத்தார், அதற்கு வருகிறேன்.

என்னை உண்மையிலேயே ஆட்டியது 1939ஆம் வருடம். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்', 'கான் வித் தி விண்ட்' இரண்டிலும் இயக்கம் விக்டர் ஃப்ளெமிங் என்று எழுத்து வரும். ஒரே வருடத்தில் ஒரே மனிதர் இப்படி இரண்டு படமா என்று வாயைப் பிளந்திருந்தவன் நான். புத்தகத்தில் நடந்தது வேறாக இருந்தது. 'ஆஸ்' படத்தை முதலில் எடுத்தவர் ரிச்சர்ட் தோர்ப், அவரை அனுப்பிவிட்டார்கள். ஜார்ஜ் க்யூகர் சில நாள் வந்து ஜூடி கார்லண்டின் பொன்னிற விக்கையும் பொம்மை ஒப்பனையையும் கலைத்துவிட்டுப் போனார். அப்புறம் ஃப்ளெமிங். அவர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே 'கான் வித் தி விண்ட்'டிலிருந்து க்யூகரைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் நீக்க, அந்த இடத்துக்கு ஃப்ளெமிங்கைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 'ஆஸ்' படத்தில் மிச்சமிருந்த கான்சஸ் பகுதியை எடுத்தவர் கிங் விடார். வானவில் பாட்டு அந்தப் பகுதியில்தான் வருகிறது. படத்திலேயே எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சியை எடுத்தவர் பெயர் படத்தில் இல்லை. அந்தப் பக்கம் ஃப்ளெமிங் களைத்து விழ, சாம் வுட் வந்து சில காலம் எடுத்தார். ஃப்ளெமிங்குக்கு ஆஸ்கார் கிடைத்தது. அட்லாண்டா எரியும் காட்சியோ, அந்தப் படத்தின் இயக்குநர் சண்டைகளுக்கெல்லாம் முன்பே, 1938 டிசம்பரில், கல்வர் சிட்டியில் கிடந்த பழைய செட்டுகளைக் கொளுத்தி எடுத்து முடித்தது. எரிந்தவற்றில் 'கிங் காங்'குக்காக நின்ற பெருஞ்சுவரும் ஒன்று.

இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்று விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் 1962இல் அமெரிக்காவில் எழுதினார்; இன்னொரு விமர்சகரான பாலின் கேல் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தச் சண்டையில் எனக்குப் பிடித்தது கேலின் உரைநடை. நியாயம் சாரிஸ் பக்கமும் நிறைய உண்டு. ஆனால் இருவருமே எல்லிஸ் ஆர். டங்கனை வைத்து யோசித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து 1935இல் வந்து, தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி'யிலிருந்து பதினைந்து வருடம் தமிழ்ப் படம் இயக்கியவர். 1950இல் 'மந்திரி குமாரி' முடிவதற்குள் அவர் ஊர் திரும்ப, மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரமே மிச்சத்தை எடுத்து முடித்தார். வசனம் கருணாநிதி. அந்தப் படத்துக்கு யார் ஆசிரியர்? சேலத்தில் கேட்டால் ஒரு பதில் வரும், கோபாலபுரத்தில் கேட்டால் வேறு பதில் வரும்.

சாலிகிராமத்தில் நான் குடியிருந்த தெருவில் ஓய்வுபெற்ற செட்டிங்ஸ் ஆசாரி ஒருவர் இருந்தார். வடபழனி ஃப்ளோர்களில் முப்பது நாற்பது வருடம் மரமும் துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுமாகக் கோயில், கோட்டை, நீதிமன்றம் எல்லாம் கட்டிப் பிரித்தவர். அவரை உட்காரவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை 'காசாபிளாங்கா' வட்டைப் போட்டேன். இன்கிரிட் பெர்க்மன் கண்ணில் நீர் தளும்பும்போது அவர் பார்வை பெர்க்மனுக்குப் பின்னால் இருந்த வளைவில் இருந்தது.

"இந்தக் கமான் புதுசு இல்ல தம்பி. வேற படத்துக்குப் போட்டது. வெள்ளையடிச்சு வச்சிருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க ஐயா?"

"அளவு பாருங்க. இந்தத் தெருவுக்கு இது வேண்டாத அகலம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. 1942இல் போர்க்கால உத்தரவுப்படி ஒரு படத்தின் செட்டுக்குப் புதுப் பொருள் 5,000 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது. வார்னர் வளாகத்தில் 'தி டெசர்ட் சாங்' படத்துக்காகப் போட்டிருந்த தெருவைத்தான் 'காசாபிளாங்கா'வுக்கும் பயன்படுத்தினார்கள். அந்த வளைவு அதில் சேர்ந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல இயலாது. கிழவரின் கண் போன திசை சரி.

கடைசிக் காட்சிக்கு வந்தோம். விமான நிலையம், பனி, பின்னால் விமானம். ஆசாரி சிரித்துவிட்டார்.

"பிளைவுட்டு. இவ்வளவு புகை எதுக்கு விடுறான்? பின்னாடி ஒண்ணும் இல்ல, அதை மறைக்கத்தான்."

அதுதான் உண்மை. ஸ்டூடியோவுக்குள் எடுத்தது அது. சின்ன அளவில் வெட்டிச் செய்த பொய் விமானம்; அது பெரிதாகத் தெரிவதற்காக, அருகே மெக்கானிக்காக நடமாட உயரம் குறைந்த ஆட்களை நிறுத்தினார்கள். இதைச் சொன்னதும் ஆசாரிக்கு வந்த சந்தோஷத்தை வார்த்தையில் கொண்டுவர முடியாது. அதற்கப்புறம் படம் ஓடவில்லை. தூரத்துக் கோபுரம் காட்ட வாசலை அகலமாகவும் உள்வாசலை வரவரக் குறுக்கியும் கட்டுவது, குறுகின இடத்தில் குழந்தைகளுக்கு வேட்டி கட்டி நடக்கவிடுவது என்று அவர் தன் கையிருப்பை எடுத்துவிட்டார். 'காசாபிளாங்கா' பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் அந்தப் புகைக்கு இவ்வளவு தெளிவான காரணம் இல்லை. பாவம், விமர்சகர்கள் அந்தப் புகையைப் பிரிவின் குறியீடு என்று எழுதியிருந்தார்கள். குறியீடும்தான். பஞ்சத்துக்கு விட்ட புகை குறியீடாக நின்றது என்பதுதான் எனக்குச் சுவை.

அதற்குப் பிறகு என் அரைப் பக்கம் வேறு மாதிரி ஆனது. ஒரே தேக்குப் படிக்கட்டு மூன்று தொடர்களில் மூன்று குடும்பங்களுக்கு வருவதை எழுதினேன். வளசரவாக்கத்திலும் சாலிகிராமத்திலும் நாள் வாடகைக்கு விடும் ஷூட்டிங் வீடுகள் அவை. சமையலறையில் ஒரு தொடர், மாடியில் இன்னொரு தொடர் என்று ஒரே நாளில் ஓடும். கீழே ஒப்பாரி எடுக்கும்போது மேலே கல்யாணக் காட்சிக்கு நாதஸ்வரம் வாசிக்கக் கூடாது என்பதுதான் ஒரே ஒழுங்கு. பாத்திரங்கள் ஏன் எப்போதும் கூடத்திலேயே நின்று பேசுகிறார்கள் என்பதற்கு வாசகர்கள் உளவியல் காரணம் தேடினார்கள். விளக்கை நகர்த்த நேரமில்லை என்பது காரணம்.

இங்கே கார்ல் ஃப்ராய்ண்ட் திரும்ப வந்தார். ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' எடுத்தவர், ஹாலிவுட்டில் 'டிராகுலா' எடுத்தவர், 'தி குட் எர்த்'துக்கு ஆஸ்கார் வாங்கியவர், 1951இல் 'ஐ லவ் லூசி' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ஒளிப்பதிவு செய்யப் போனார். பார்வையாளர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று படக் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுப்பது திட்டம். சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்றி வைக்கலாம். இங்கே மூன்று கோணத்துக்கும் ஒரே வெளிச்சம் பொருந்த வேண்டும். தரையில் ஸ்டாண்டு வைத்தால் கேமரா நகராது. அவர் விளக்குகளை மேலே ஏற்றி, நிழல் விழாமல் பரப்பினார். உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நகைச்சுவை அந்தத் தட்டையான பளிச்சென்ற வெளிச்சத்தில் இன்றும் நடக்கிறது. நிழலுக்குப் பேர்போன ஜெர்மன் சினிமாவின் மூத்த கேமராக்காரர் நிழலைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். நம் தொடர்களில் நள்ளிரவு சோகத்துக்கும் ஏன் மத்தியான வெளிச்சம் அடிக்கிறது என்று எழுதியபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தொடரின் லூசில் பால் ஒரு காலத்தில் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் ஒப்பந்த நடிகை. பெரிய இடம் கிடைக்காதவர். அவரும் கணவர் டெசி ஆர்னாஸும் தொடரின் படச்சுருள் உரிமையைத் தங்கள் டெசிலு நிறுவனத்திடம் வைத்துக்கொண்டார்கள். 1957இல் டெசிலு அந்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே வாங்கியது. அட்லாண்டாவைக் கொளுத்திய கல்வர் சிட்டி நிலமும் அதில் சேர்ந்து வந்தது. இதைப் படித்த அன்று நூலகத்தில் நான் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து மேசைக்காரர் முறைத்தார்.

ஒப்பந்தம் என்றதும் ஒலிவியா டி ஹாவிலண்டைச் சொல்லாமல் விட முடியாது. வார்னரோடு அவருக்கு ஏழு வருட ஒப்பந்தம். கொடுத்த வேடத்தை மறுத்தால் இடைநீக்கம். இடைநீக்கத்தில் போன நாட்களைக் கணக்குப் பார்த்து ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். ஏழு வருடம் முடிந்தும் அவருக்கு விடுதலை இல்லை. 1936இல் பெட்டி டேவிஸ் இதே வார்னரோடு லண்டனில் வழக்காடித் தோற்றிருந்தார். டி ஹாவிலண்ட் துணிந்து போனார். 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், ஏழு வருடம் என்றால் நாட்காட்டியில் ஏழு வருடம் என்றது. வழக்கு நடந்த காலத்தில் அவருக்கு எந்த ஸ்டூடியோவும் வேலை தரவில்லை. வெளியே வந்த பின் 1946 படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார்.

நான் பேட்டி எடுத்த தொடர் நடிகை ஒருவர், பெயர் வேண்டாம், கதாநாயகியாக மூன்றாவது வருடத்தில் இருந்தார். கதையில் அவருடைய பாத்திரத்துக்குக் கோமா. "நான் சம்பளம் கூட்டிக் கேட்டேன் சார், மறுநாள் ஆக்சிடெண்ட் ஆயிடுச்சு," என்றார். தலையில் கட்டோடு படுத்திருந்த வாரங்களுக்கு அரைச் சம்பளமாம். டி ஹாவிலண்ட் கதையைச் சொன்னேன். "அந்தம்மாவுக்குக் கோர்ட் இருந்துச்சு. எனக்கு ஒரு போன் போதும், இந்த முகத்துக்குப் பதிலா வேற முகம்னு எழுத்து போட்டுடுவாங்க," என்றார். அதுவும் நம் தொலைக்காட்சிக்கே உரிய எழுத்து: இவருக்குப் பதில் இவர். எம்.ஜி.எம். ஆட்கள்கூட அந்த அளவுக்குப் போகவில்லை.

இப்படியெல்லாம் எழுதத் தொடங்கியதும் ஆசிரியர் கூப்பிட்டார். "கதை எப்படி இருக்குன்னு எழுதுங்க. வீட்டு வாடகை எவ்வளவுன்னு எதுக்கு எழுதறீங்க?" அவர் நல்ல வாசகர், ஆனால் விளம்பர இலாகா பக்கத்து அறையில் இருந்தது. அவரிடம் கிரஹாம் கிரீன் கதையைச் சொன்னேன். 1937இல் லண்டனில் 'நைட் அண்ட் டே' என்ற வார இதழில் கிரீன் படவிமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். 'வீ வில்லி விங்கி' என்று ஒரு படம். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடப்பதாகக் கிப்ளிங் எழுதிய கதையை, ஜான் ஃபோர்டு இயக்கத்தில், கலிஃபோர்னியாவில் எடுத்தது. சிறுமி ஷெர்லி டெம்பிள் நட்சத்திரம். அந்தக் குழந்தையை ஸ்டூடியோ எப்படி விற்கிறது, நடுவயது ஆண்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று கிரீன் எழுதினார். ஃபாக்ஸ் நிறுவனமும் சிறுமியின் தரப்பும் அவதூறு வழக்குப் போட்டன. பத்திரிகை அந்த வருடக் கடைசியிலேயே நின்றுவிட்டது. 1938இல் 3,500 பவுண்டு கொடுத்து வழக்கை முடித்தார்கள், அதில் 500 கிரீன் பங்கு. அப்போது அவர் மெக்சிகோவில் இருந்தார். அந்தப் பயணத்திலிருந்துதான் 'தி பவர் அண்ட் தி குளோரி' நாவல் பிறந்தது.

ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்களும் மெக்சிகோ போறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க," என்றார். வாடகைத் தொகையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் போட்டார்.

அவர் சொன்னதிலும் விஷயம் உண்டு. வாடகையும் ஒப்பந்தமும் தெரிந்துவிட்டால் படம் புரிந்துவிடும் என்று ஒரு மயக்கம் எனக்குச் சில காலம் இருந்தது. தயாரிப்பாளர் சேனலுக்கு நேரக் கட்டணம் கட்டி, விளம்பர நொடிகளைத் தானே விற்கும் முறை அப்போது இருந்தது. அதை வைத்து எந்தத் தொடர் ஏன் இழுக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நாகா இயக்கிய 'மர்மதேசம்' அதே சூழலில், அதே மாதிரிச் சிக்கனத்தில் எப்படி அப்படி வந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை. ஹாலிவுட்டிலும் அப்படித்தான். 1948இல் பாரமவுண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டூடியோக்கள் படமும் எடுத்து தியேட்டரும் வைத்துக்கொள்வதை முறித்தது. நல்லதோடு கெட்டதையும் மொத்தமாகக் கட்டித் தியேட்டர்காரர் தலையில் கட்டும் வழக்கமும் போனது. அந்த மொத்தக் கட்டுக்குள்ளிருந்துதான் எத்தனையோ நல்ல படங்களும் கவனிப்பார் இல்லாததால் தப்பித்து வந்தன. 2020இல் அந்தத் தடைகளுக்கு முடிவு கட்ட நீதிமன்றம் அனுமதித்தது. இன்று படம் எடுப்பவரும் அதை நம் வரவேற்பறையில் காட்டுபவரும் மறுபடி ஒருவரே.

'காசாபிளாங்கா'வைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அதுவரை யாரும் மேடையேற்றாத ஒரு நாடகம் அது. வார்னர் 20,000 டாலருக்கு வாங்கியது. எப்ஸ்டீன் சகோதரர்கள், ஹவர்ட் காக் என்று பலர் எழுதினார்கள். படப்பிடிப்பு நடக்கும்போதும் எழுதினார்கள். மைக்கேல் கர்டிஸ் இயக்கம். ஆனால் நாடகத்தை எடுத்து, நடிகர்களைத் தேடி, பெர்க்மனை செல்ஸ்னிக்கிடமிருந்து இரவல் வாங்கி, வெட்டுவரை கூட நின்றவர் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ். 1944 மார்ச்சில் ஆஸ்கார் விழா. சிறந்த படம் என்று அறிவித்ததும் வாலிஸ் எழுந்தார். அதற்குள் முதலாளி ஜாக் வார்னர் பல்லெல்லாம் தெரிய மேடைக்கு ஓடிப் போய்ச் சிலையை வாங்கிக்கொண்டார். வாலிஸால் வரிசையைவிட்டு வெளியே வர முடியவில்லை. வழியில் வார்னர் குடும்பத்தார் உட்கார்ந்திருந்தார்கள். சீக்கிரமே அவர் அந்த ஸ்டூடியோவை விட்டுப் போனார். ஏறக்குறைய நாற்பது வருடம் ஆகியும் ஆறவில்லை என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

சின்னத்திரை விருது விழா ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சிறந்த கதைக்கான விருதை நிறுவனத்தின் நிர்வாகி ஒருவர் மேடையேறி வாங்கினார். கதை எழுதியவர் எனக்கு மூன்று வரிசை பின்னால், சாப்பாட்டு டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கைதட்டினார். அந்த வாரம் வாலிஸ் கதையையும் இதையும் அடுத்தடுத்து எழுதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் கொடுத்தேன். ஆசிரியர் படித்துப் பார்த்தார். வெட்டுவார் என்று நின்றேன். ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். அடுத்த இதழில் பின்னட்டை விளம்பரம் வரவில்லை. அங்கே சந்தா படிவம் போட்டோம்.